விமானப் பயணத்தில் வீல்சேர் உதவி: டிக்கெட் போடுவது முதல் கார் ஏறுவது வரை

நடக்கச் சிரமப்படும் பயணியிடம் வீல்சேர் உதவிக்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ. அமைப்பின் விதி, அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், ஐரோப்பாவில் 2006-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை எல்லாம் இதில் ஒரே பேச்சுதான். ஆனால் இலவசம் என்பதாலேயே தானாக நடந்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது. சென்னையில் தள்ளுபவர் ஒருவர், தோஹாவில் இன்னொருவர், சிகாகோவில் மூன்றாமவர். மூவரும் வெவ்வேறு நிறுவனங்களின் ஆட்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். நாற்காலி உருண்டுகொண்டிருக்கும்போது பெரும்பாலும் ஒரு பிரச்சினையும் வராது. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறும் இடத்தில்தான் பயணி அப்படியே உட்கார்ந்திருக்க, விமானம் போய்விடுகிறது. இந்தக் கட்டுரையில் சொல்லும் ஏற்பாடுகள் எல்லாம் அந்தக் கைமாறும் இடங்களுக்காகத்தான்.

அப்பா அம்மாவுக்கு டிக்கெட் போடும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லாததால், வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ டெல்லியிலோ விமானம் மாறிப் போகும் பயணத்தையே எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற நேரடிப் பயணங்களுக்கு இதில் பாதி போதும்.

யார் கேட்கலாம்?

வீட்டுக்குள் நன்றாக நடமாடுகிறவர், கோயிலை ஒரு சுற்றுச் சுற்றுகிறவர்கூடப் பெரிய விமான நிலையத்தில் திணறிப்போவார். வாசலிலிருந்து கேட் வரை ஒரு கிலோமீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. இடையில் பாதுகாப்புச் சோதனையிலும் இமிகிரேஷனிலும் அரை மணி, முக்கால் மணி நிற்க வேண்டியிருக்கும். மூட்டுவலி, இதய நோய், மூச்சிரைப்பு, அண்மையில் அறுவை சிகிச்சை, தலைச்சுற்றல் என எது இருந்தாலும் கேட்கலாம். மாற்றுத்திறனாளி அட்டை வேண்டும் என்று இல்லை.

நன்றாக நடக்கக் கூடியவருக்கு, இங்கிலீஷ் தெரியாது, கேட் கண்டுபிடிக்கத் தெரியாது என்ற காரணத்துக்காக மட்டும் வீல்சேர் போடாதீர்கள். அவர்களுக்கென்றே ‘மீட் அண்ட் அசிஸ்ட்’ என்ற துணைச் சேவை இருக்கிறது. சில நிறுவனங்கள் அதை இலவசமாகத் தருகின்றன, பல இடங்களில் கட்டணம் உண்டு. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையே சென்னையில் வெளிநாட்டு விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும்போது, ஒரே விமானத்துக்கு இருபது முப்பது வீல்சேர் கேட்பு வருவது சாதாரணம். அப்போது உண்மையிலேயே நடக்க முடியாதவர் காத்துக் கிடக்கிறார்.

அதன் விளைவு எவ்வளவு மோசமாகலாம் என்பதை 2024 பிப்ரவரியில் மும்பையில் பார்த்தோம். நியூயார்க்கிலிருந்து வந்த 80 வயதுப் பயணி ஒருவர், மனைவிக்கு மட்டும் வீல்சேர் கிடைத்ததால் அவருடனேயே நடந்து போனார். இமிகிரேஷன் பகுதியில் சுருண்டு விழுந்து இறந்தார். அவரைக் கொண்டுவந்த விமான நிறுவனத்துக்கு டி.ஜி.சி.ஏ. 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. உங்கள் பெற்றோரிடம் இதைச் சொல்லி வையுங்கள்: வண்டி வரத் தாமதமானால் உட்கார்ந்து காத்திருக்க வேண்டும், “பரவாயில்லை, நடந்துடறேன்” என்று எழுந்துவிடக் கூடாது.

மூன்று வகை, எது உங்களுடையது?

பெரும்பாலோர் “வீல்சேர் வேணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு விட்டுவிடுகிறார்கள். விமான நிறுவனத்தின் கணினியில் அதற்கு மூன்று குறியீடுகள் உண்டு. உலகம் முழுவதும் ஒரே குறியீடுகள்தான். நீங்கள் வகையைச் சொல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் முதலாவதைப் போட்டுவிடுவார்.

டபிள்யூ.சி.எச்.ஆர்.: படி ஏறி இறங்குவார், விமானத்துக்குள் தன் இருக்கைக்கு நடந்து போவார், நீண்ட தூரம் மட்டும் முடியாது.

டபிள்யூ.சி.எச்.எஸ்.: படி ஏற முடியாது. விமானத்தின் கதவு வரை கொண்டுபோய் விட்டால் உள்ளே மெல்ல நடந்து உட்கார்ந்துகொள்வார்.

டபிள்யூ.சி.எச்.சி.: நடக்கவே முடியாது. இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை. விமானம் எப்போதும் கட்டடத்தையும் விமானக் கதவையும் இணைக்கும் ஏரோபிரிட்ஜில் வந்து நிற்காது. ஓடுதளத்தை ஒட்டிய திறந்தவெளியில் நின்றால் பஸ்ஸில் போய் ஏணிப்படி ஏற வேண்டும். ஏ320 போன்ற விமானத்தின் கதவு தரையிலிருந்து 3 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அதாவது மாடி வீட்டின் ஒரு தளம். டபிள்யூ.சி.எச்.ஆர். என்று பதிவாகியிருந்தால், ஊழியர் ஏணியடியில் வண்டியை நிறுத்தி “ஏறுங்கம்மா” என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது, தாளில் அப்படித்தான் இருக்கிறது. டபிள்யூ.சி.எச்.எஸ். என்று இருந்தால், ஆம்புலிஃப்ட் எனப்படும் தூக்கி வண்டியையோ சாய்தளத்தையோ கொண்டுவர வேண்டும். முட்டி தேய்ந்தவருக்கு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு இரண்டாவதே சரி. சந்தேகமாக இருந்தால் ஒரு கேள்வி போதும்: கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருபது படி நிற்காமல் ஏறுவாரா?

மூன்றாவது வகையில் தனியாகப் பயணம் செய்பவரிடம், அவசரத்தில் தானே வெளியேற முடியாதவர் என்றால், துணை ஒருவர் வேண்டும் என்று நிறுவனம் கேட்கலாம். டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

பதிவு செய்வது

1. டிக்கெட் எடுக்கும்போதே இணையதளத்தில் ‘சிறப்பு உதவி’ என்ற பகுதியில் வகையைத் தேர்ந்தெடுங்கள். புறப்பாட்டுக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பாகச் சொல்ல வேண்டும் என்பது இந்திய விதி, ஐரோப்பாவிலும் அதே 48 மணிதான். அதற்குப் பிறகும் கேட்கலாம், முடிந்ததைச் செய்வார்கள், ஆனால் நீங்கள் வரிசையின் கடைசியில்.

2. அப்பா, அம்மா இருவருக்கும் வேண்டுமென்றால் இருவர் பெயரிலும் தனித்தனியாகப் போட வேண்டும். ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தாலும் ஒருவருக்குப் போட்டது மற்றவருக்கு வராது.

3. ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். சென்னை–தோஹா ஒன்று, தோஹா–சிகாகோ இன்னொன்று. முதல் பகுதிக்கு மட்டும் பதிவாகி இரண்டாவது விட்டுப்போவது அடிக்கடி நடக்கும். பாதி வழி ஒரு நிறுவனம், மீதி வழி அதன் கூட்டாளி நிறுவனம் என்றால் கட்டாயம் இரண்டு இடத்திலும் கேளுங்கள்.

4. டிராவல் ஏஜென்ட் வழியாகவோ இணைய டிக்கெட் தளம் வழியாகவோ வாங்கியிருந்தால், விமான நிறுவனத்துக்கே போன் செய்து, “வீல்சேர் கோரிக்கை எச்.கே. என்று காட்டுகிறதா?” என்று கேளுங்கள். எச்.கே. என்றால் உறுதியானது. என்.என். அல்லது எச்.என். என்றால் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை என்று பொருள். யு.சி. என்றால் முடியாது என்று பதில் வந்துவிட்டது. ஏஜென்ட் “போட்டாச்சு சார்” என்று சொல்வது பெரும்பாலும் என்.என். நிலையைத்தான்.

5. விமான நேரம் மாறினாலோ, நீங்களே தேதி மாற்றினாலோ, எல்லாப் பதிவையும் மறுபடி சரிபாருங்கள். புது விமானத்துக்கு டிக்கெட் நகரும், வீல்சேர் கோரிக்கை நகராமல் போகலாம்.

6. புறப்பாட்டுக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கடைசியாக ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பேசியவர் பெயர், தேதி, நேரம் குறித்துக்கொள்ளுங்கள்.

விமானம் மாறும் டிரான்ஸிட் நேரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். வீல்சேர் பயணி விமானத்தில் முதலில் ஏறுவார், எல்லோரும் போன பின்தான் இறங்குவார். பெரிய விமானத்தில் அதற்கே அரை மணி ஆகிவிடும். ஒன்றரை மணி இடைவெளி என்று நிறுவனமே டிக்கெட் விற்றாலும், வீல்சேர் பயணிக்கு 3 மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்து எடுங்கள். அமெரிக்காவில் இமிகிரேஷன் முடித்து உள்நாட்டு விமானம் ஏற வேண்டுமென்றால் 4 மணி.

இருக்கை

நடைபாதை ஓர இருக்கையே நல்லது. அவசர வழி வரிசை வீல்சேர் பயணிக்குத் தர மாட்டார்கள், காலை நீட்ட இடம் இருக்கிறதே என்று காசு கொடுத்து வாங்கினால் கேட்டில் மாற்றிவிடுவார்கள். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசை வசதி போலத் தெரியும். ஆனால் அங்கே சாப்பாட்டுப் பலகையும் திரையும் கைப்பிடிக்குள்ளேயே மடங்கியிருப்பதால் கைப்பிடி தூக்காது. நாற்காலியிலிருந்து இருக்கைக்கு நகர்த்தி உட்கார வைக்கப்படுபவருக்கு அது பெரிய தொல்லை.

மற்ற வரிசைகளில் நடைபாதைப் பக்கக் கைப்பிடி அசையாதது போல இருக்கும். அதன் அடிப்பகுதியில், முதுகுச் சாய்மானத்தோடு சேரும் கீலுக்குப் பக்கத்தில் விரலால் தடவினால் ஒரு சிறிய பொத்தானோ நெம்புகோலோ பல விமானங்களில் தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டு தூக்கினால் கைப்பிடி மேலே போகும், பக்கவாட்டில் நகர்ந்து உட்காரலாம். எல்லா வரிசையிலும் இருக்காது. எந்த வரிசையில் உண்டு என்று முன்கூட்டியே கேட்டு அந்த இருக்கையைக் கேளுங்கள். கழிவறைக்குப் பக்கத்தில், ஆனால் கழிவறைச் சுவரில் சாயாத இருக்கை என்றால் இன்னும் நல்லது.

கழுத்தில் தொங்கும் பை

பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், மூக்குக்கண்ணாடி, போன், அந்த நேரத்து மாத்திரை எல்லாம் ஒரு சிறிய பையில், கழுத்திலோ தோளில் குறுக்காகவோ. வீல்சேரின் பின்னால் மாட்டும் பை வேண்டாம். உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு அது தெரியாது, இறங்கும்போது அதோடு நாற்காலி போய்விடும். கவுண்டரில் காட்ட ஊழியர் பாஸ்போர்ட்டை வாங்குவார், அது வழக்கம்தான். கவுண்டரை விட்டு நகரும் முன் திரும்பக் கைக்கு வந்து, பையில் போன பிறகே வண்டி கிளம்ப வேண்டும்.

அதே பையில் தடித்த அட்டை ஒன்று. கொட்டை எழுத்தில், தமிழிலும் இங்கிலீஷிலும்: பெயர், எல்லா விமான எண்களும் நேரங்களும், இறங்கும் ஊர், “நான் தமிழ் மட்டும் பேசுவேன்”, வீல்சேர் வகை, “படி ஏற முடியாது”, நோய், எடுக்கும் மருந்து, வரவேற்க வருபவரின் பெயரும் நாட்டுக் குறியீட்டோடு போன் எண்ணும். பின்பக்கத்தில் தேவைப்படும் வாக்கியங்கள் நான்கைந்து: கழிவறைக்குப் போக வேண்டும், தண்ணீர் வேண்டும், என் மகனுக்கு போன் செய்யுங்கள், என் விமானத்துக்கு நேரமாகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட எந்த வரி எது என்று வீட்டில் இரண்டு முறை சொல்லிக்கொடுத்தால் விரலால் சுட்டிக்காட்டிவிடுவார்.

போனில் சர்வதேச ரோமிங் போட்டுவிடுங்கள். விமான நிலைய வைஃபையை மட்டும் நம்ப வேண்டாம், பல ஊர்களில் அதற்கு ஓ.டி.பி. வேண்டும், ஓ.டி.பி. வர சிம் வேலை செய்ய வேண்டும். மருந்து எல்லாம் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பாதீர்கள், சரக்கறைக் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம்.

அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர், ஆக்சிஜன் தேவைப்படுபவர், படுத்த நிலையில் போக வேண்டியவர் ஆகியோருக்கு மட்டும் ‘மெடிஃப்’ என்ற மருத்துவப் படிவம் வேண்டும். மருத்துவர் நிரப்பி, நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு ஒப்புக்கொள்ள வேண்டும். வயதுக்காகவோ மூட்டுவலிக்காகவோ வீல்சேர் கேட்பவருக்கு இந்தப் படிவம் தேவையில்லை.

புறப்படும் நாள்

வெளிநாட்டு விமானத்துக்கு 4 மணி நேரம் முன்னால் வாசலில் இருங்கள். வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் பார்த்து அனுப்புவார், டிக்கெட் இல்லாத நீங்கள் அங்கேயே நின்றுவிட வேண்டும். முதல் கைமாற்றம் இதுதான். பெற்றோரை உள்ளே அனுப்பிவிட்டுக் கவுண்டர் வரை அவர்களே நடக்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். உடன் வருபவர் இருந்தால் அவர் உள்ளே போய் விமான நிறுவனத்தின் கவுண்டரில் சொல்லி வண்டியை வாசலுக்கு வரவழைக்கலாம். தனியாகப் போகிறவர்கள் என்றால், காரை விட்டு இறங்கும் முன்பே நிறுவனத்தின் விமான நிலைய எண்ணுக்கு போன் செய்து எந்த வாசல் எண்ணில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

வீட்டிலேயே வெப் செக்-இன் செய்திருந்தாலும் கவுண்டருக்குப் போக வேண்டும். அங்கே சரிபார்க்க வேண்டியவை: இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் வந்துவிட்டதா, லக்கேஜ் கடைசி ஊர் வரை டேக் போடப்பட்டதா, போர்டிங் பாஸில் வீல்சேர் குறியீடு அச்சாகியிருக்கிறதா. துணையில்லாமல் போகும் பெற்றோர் கேட்க வேண்டிய ஒரே வாக்கியம்: “வீல்சேர் ரெண்டு ஃப்ளைட்டுக்கும் இருக்குல்ல?”

செக்-இன் முடிந்ததும் ஊழியர் உடனே தள்ளிக்கொண்டு போக மாட்டார், ஆட்கள் பற்றாக்குறையில் நாற்காலி வரிசையில் உட்கார வைப்பார்கள். போர்டிங் நேரத்துக்கு ஒன்றரை மணிக்குக் குறைவாக இருந்தும் யாரும் வராவிட்டால் கவுண்டரில் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பதுதான் நம் பெரியவர்களின் வழக்கம்.

பாதுகாப்புச் சோதனையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையால் தடவிச் சோதிப்பார்கள். பெண்களுக்குத் திரைக்குள் பெண் காவலர். செயற்கை மூட்டு, பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மருத்துவச் சீட்டைக் கையில் வைத்திருக்கட்டும். செயற்கைக் கால் அணிந்தவரைப் பொது இடத்தில் கழற்றச் சொன்னால் தனியறையும், உயர் அலுவலரும் கேட்கலாம். நடனக் கலைஞர் சுதா சந்திரன் 2021 அக்டோபரில் இதைப் பகிரங்கமாகப் பேசியபோது சி.ஐ.எஸ்.எஃப். மன்னிப்புக் கேட்டது. இமிகிரேஷனில் வீல்சேருக்குத் தனி வரிசை, உடன் வரும் ஒருவரும் அதிலேயே போகலாம். ஆறு பேர் குடும்பம் பின்னால் சேர்ந்துகொள்ள முடியாது.

கேட்டுக்குக் கொண்டுபோய் விட்டதும் பெரும்பாலும் ஊழியர் அடுத்த ஆளை எடுக்கப் போய்விடுவார். அதற்கு முன்னால் கழிவறைக்கு அழைத்துப் போகச் சொல்ல வேண்டும், அவர் வாசல் வரைதான் வருவார். பிறகு ஒரு கேள்வி: “தம்பி, ஏத்திவிட எத்தனை மணிக்கு வருவீங்க?” அவர் சொன்ன நேரம் தாண்டினால், கேட் கவுண்டரில் இருப்பவரிடம் அட்டையைக் காட்ட வேண்டும்.

டிரான்ஸிட்டில்தான் கவனம் வேண்டும்

எல்லோரும் இறங்கும்வரை இருக்கையிலேயே இருக்க வேண்டும். கூட்டத்தோடு எழுந்து வெளியே போய்விட்டால், வாசலில் பெயர்ப் பட்டியலோடு நிற்கும் ஊழியர் ‘ஆள் இல்லை’ என்று கணக்கை முடித்துவிடுவார்.

வளைகுடா விமான நிலையங்களில் வீல்சேர் பயணிகளை நேராக அடுத்த கேட்டுக்குக் கொண்டுபோவது அரிது. ஒரு பொதுக் காத்திருப்பு இடத்தில் சேர்த்து உட்கார வைப்பார்கள். அங்கே ஒருவர் போர்டிங் பாஸைப் பார்த்துப் பட்டியலில் குறித்துக்கொள்வார், விமானத்துக்கு ஒரு மணி, ஒன்றேகால் மணி இருக்கும்போது வேறொருவர் வந்து அழைப்பார், பேட்டரி வண்டியில் நாலைந்து பேரைச் சேர்த்து ஏற்றுவார். பயணங்கள் கெடுவது இந்த இடத்தில்தான். ஏன் கெடுகிறது?

பட்டியலில் பெயர் ஏறாமல் போவது. கொண்டுவந்தவர் உட்கார வைத்துவிட்டு, குறிப்பவரிடம் ஒப்படைக்காமல் போயிருப்பார். அதனால் உட்கார்ந்ததும் மேசையில் இருப்பவரிடம் போர்டிங் பாஸைக் காட்டி, அவர் எழுதிக்கொள்வதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

பெயரைக் கூப்பிடுவது புரியாமல் போவது. நம் பெயர்கள் அவர்கள் வாயில் வேறு மாதிரி வரும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால் அந்தப் பெயரையே கூப்பிடுவார்கள். ‘முத்துலட்சுமி’ காத்திருக்க, ‘மிஸ்ஸஸ் ராமசாமி’ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எந்தப் பெயரில் அழைப்பார்கள் என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

கழிவறைக்குப் போயிருக்கும் நேரத்தில் ஆள் வந்து போவது. போகும் முன் மேசையில் சொல்லிவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

ஊழியர் முறை மாறுவது. காலையில் “நான் வர்றேன் அம்மா” என்றவர் வீட்டுக்குப் போயிருப்பார். ஆகவே ஆளை நம்பாமல் நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பெற்றோரின் போனில் போர்டிங் நேரத்துக்கு ஒன்றேகால் மணி முன்னதாக அலாரம் வையுங்கள், அந்த ஊர் நேரத்தில். அலாரம் அடித்தால் மேசைக்குப் போய் அட்டையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு ஏற்பாடு பல விமானங்களைக் காப்பாற்றும்.

வெளியூரிலிருந்து நீங்களும் கவனிக்கலாம். விமான நிறுவனத்தின் செயலியில் அடுத்த விமானத்தின் கேட் எண் வந்ததும் பெற்றோருக்கு போன் செய்து சொல்லுங்கள். சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும், காத்திருப்பு இடத்திலிருந்து கடைக்குப் போய்வர வழியிருக்காது.

இந்தியா திரும்பும்போது டெல்லியிலோ மும்பையிலோ மாறினால், பெரும்பாலும் அங்கேயே இமிகிரேஷன் முடித்து, லக்கேஜை எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும். வெளிநாட்டு வருகைப் பகுதியிலிருந்து உள்நாட்டுப் புறப்பாட்டுக்கு ஆள் மாறும். “சென்னை கனெக்‌ஷன்” என்பதை முதல் ஊழியரிடமே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வெளி வாசலில் விட்டுவிடுவார்.

விமானத்துக்குள்

பணிப்பெண்கள் நீர் தருவார்கள், பொட்டலம் பிரித்துத் தருவார்கள், விமானத்தில் குறுகிய சக்கர நாற்காலி இருந்தால் கழிவறைக் கதவு வரை தள்ளுவார்கள். தூக்க மாட்டார்கள், கழிவறைக்குள் உதவ மாட்டார்கள், ஊட்டிவிட மாட்டார்கள். அது அவர்கள் வேலைக்குள் வராது. கழிவறைக்குள் தனியாகச் சமாளிக்க முடியாதவருடன் துணை வர வேண்டும். நீண்ட பயணத்துக்கு டயப்பரும் ஒரு மாற்று உடையும் கைப்பையில் வைப்பதில் கூச்சமே வேண்டாம். கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள் நம் அம்மாக்கள். கால் வீங்கும், ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். கணுக்காலை மணிக்கு ஒருமுறை சுழற்றச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் இறங்கினால்

பொதுவாக முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷன், லக்கேஜ், சுங்கம். ஊழியர் மூன்றுக்கும் கூட வருவார். அதிகாரி கேள்வி கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியது பயணிதான், ஊழியர் அல்ல. பிள்ளையின் முகவரி, திரும்பும் டிக்கெட், எத்தனை நாள் தங்குவது ஆகியவை அட்டையிலேயே இருக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம்.

நீங்கள் அமெரிக்காவில் இருந்து பெற்றோரை வழியனுப்புகிறீர்கள் என்றால், செக்-இன் கவுண்டரில் ‘எஸ்கார்ட் பாஸ்’ கேளுங்கள். உங்கள் அடையாள அட்டையைப் பார்த்து, கேட் வரை கூடப் போகப் பல இடங்களில் அனுமதிச் சீட்டுத் தருவார்கள். பாதுகாப்புச் சோதனையில் உதவி வேண்டுமென்றால், அந்தச் சோதனையை நடத்தும் அமெரிக்க அரசுத் துறையின் ‘டி.எஸ்.ஏ. கேர்ஸ்’ எண்ணுக்கு 72 மணி நேரம் முன்பு சொல்லுங்கள்.

சொந்த வீல்சேரைக் கொண்டுபோவது

சொந்த நாற்காலி கட்டணமில்லாமல் வரும், லக்கேஜ் எடையிலும் சேராது. கவுண்டரிலேயே கொடுத்துவிடலாம், விமானக் கதவு வரை அதிலேயே போய் அங்கே கொடுக்கவும் செய்யலாம். இரண்டாவதே நல்லது. கொடுக்கும்போது, இறங்கும் கதவிலேயே திரும்ப வேண்டும் என்று சொல்லி அதற்கான டேக்கைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் லக்கேஜ் பெல்ட்டில் வந்து சேரும்.

கழற்றக் கூடியதை எல்லாம் கழற்றி ஒரு துணிப்பையில் உங்களோடு எடுத்துப் போங்கள்: மெத்தை, கால்பலகை, பக்கத் தடுப்பு, ஜாய்ஸ்டிக். தொலைவதும் உடைவதும் இவைதான். கொடுக்கும் முன் நாலு பக்கமும் தேதி தெரிய போட்டோ எடுங்கள். எப்படி மடிப்பது, எந்த இடத்தைப் பிடித்துத் தூக்கக் கூடாது என்று ஒரு தாளில் படம் போட்டு நாற்காலியில் ஒட்டுங்கள், சரக்கு ஏற்றுபவருக்கு அதைப் பார்த்தே தெரிய வேண்டும்.

பேட்டரி நாற்காலி என்றால் வேலை கூடுதல். நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: எடை, நீள அகல உயரம், பேட்டரி வகை. போயிங் 737-இன் சரக்குக் கதவு உயரம் ஏறத்தாழ 86 செ.மீ. மட்டுமே. முதுகுச் சாய்மானம் மடங்காத நாற்காலி அதில் நிமிர்ந்து நுழையாது, சாய்த்துத் திணித்தால் உடையும். லித்தியம் பேட்டரி கழற்றக் கூடிய வகையானால் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, உறையில் போட்டு உங்கள் கைப்பையில் எடுத்துப் போக வேண்டும். வரம்பு 300 வாட்-மணி. உங்களுடையது எத்தனை என்று எழுதியில்லாவிட்டால் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள்: 24 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 240, போகலாம். 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி என்றால் 480, கழற்றி எடுத்துப்போக முடியாது. இரண்டு பேட்டரியில் ஓடும் நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160-க்குள் இருக்க வேண்டும். உபரி பேட்டரி என்றால் 300 வரை ஒன்று, அல்லது 160 வரை இரண்டு. நாற்காலிக்குள்ளேயே பாதுகாப்பாகப் பொருத்தப்பட்ட பெரிய பேட்டரிக்கு வேறு விதி, அதற்கு நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலை வாங்கி அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவருக்கு விதி தெரியாமல் போவது நடக்கக் கூடியதே. வாங்கும்போதே விமானப் பயணத்தை நினைத்து 300-க்குள் தேர்ந்தெடுப்பது இந்தத் தலைவலியைத் தீர்க்கும்.

நாற்காலி உடைந்து வந்தால், விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன் லக்கேஜ் கவுண்டரில் பி.ஐ.ஆர். எனப்படும் சேத அறிக்கை எழுதி வாங்குங்கள். எழுத்துப்பூர்வப் புகாருக்கு 7 நாள் கெடு. வெளிநாட்டுப் பயணத்தில் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறத்தாழ 2,000 டாலர். அதைவிட விலை உயர்ந்த நாற்காலி என்றால், செக்-இன்னில் அதன் மதிப்பைத் தனியாக அறிவிக்கலாமா என்று கேளுங்கள், காப்பீடும் எடுங்கள். அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் வாங்கிய விலை வரை பொறுப்பு நிறுவனத்துடையது.

காசு, புகார்

இந்தியாவில் ஊழியர் காசு கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அதட்டிக் கேட்டால் கவுண்டரில் பெயர் சொல்லிப் புகார் செய்யலாம். அமெரிக்காவில் சில டாலர் கையில் கொடுப்பது வழக்கம், அதுவும் விருப்பம்தான். எந்த ஊரிலும் அவர்கள் குறைந்த சம்பளத்தில், நாள் முழுக்க நடந்து உழைப்பவர்கள். நல்லபடியாகக் கொண்டுவந்து விட்டவருக்கு மனமுவந்து கொடுப்பதில் தவறில்லை.

உதவி மறுக்கப்பட்டால், அமெரிக்காவிலோ அமெரிக்கா போகும் விமானத்திலோ “சி.ஆர்.ஓ. வேண்டும்” என்று கேளுங்கள். இந்தப் புகார்களைத் தீர்க்கவே ஒவ்வொரு நிறுவனமும் நேரிலோ போனிலோ வைத்திருக்க வேண்டிய அலுவலர் அவர். இந்தியாவில் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், பிறகு அரசின் ‘ஏர்சேவா’ புகார் தளம். தேதி, விமான எண், ஒப்புதல் காட்டும் டிக்கெட் நகல், காத்திருந்த நேரம் இவற்றை இணைத்தால்தான் பதில் வரும்.

வெளியே வரும்போது

கடைசிக் கைமாற்றம் உங்களுடன். எந்த வாசல், எந்தத் தூண் என்று முன்பே பேசி வையுங்கள். சென்னையில் செயலி டாக்சிகள் வாசலில் ஏற்றாமல் பல அடுக்கு வாகன நிறுத்தத்தில் ஏற்றுகின்றன, வீல்சேர் ஊழியர் அதுவரை வருவார் என்று எண்ண வேண்டாம். சொந்தக் காரை வருகை வாசலுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், அங்கே நீண்ட நேரம் நிறுத்த விட மாட்டார்கள் என்பதால் பெற்றோர் லக்கேஜோடு வாசலுக்கு வந்த பிறகு ஓட்டுநரை அழையுங்கள்.

திரும்பி வரும் டிக்கெட்டையும் இன்றே திறந்து பாருங்கள். போகும் பயணத்துக்குப் போட்ட வீல்சேர், ஆறு மாதம் கழித்து வரும் பயணத்தின் இரண்டு விமானங்களிலும் எச்.கே. என்று இருக்கிறதா?